வீடு முழுக்க அரிக்கும்போது: கடல் கடந்த ஒரு குடும்பமும் காணாக்கடியும்

காணாக்கடி என்று தமிழில் ஒரு சொல் உண்டு. எது கடித்தது என்று தெரியாமல் தோல் தடித்து அரிக்கும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதற்கு வைக்கும் பெயர் அது. திடீரென எழுந்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும் ஒவ்வாமைத் தடிப்புக்கே அந்தச் சொல் உரியது என்றாலும், பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வளர்ந்த வீட்டில் காரணம் பிடிபடாத எல்லா அரிப்புக்கும் அம்மா அதையே சொல்லுவார். சென்ற ஆண்டு இங்கிலாந்தில் வாழும் என் தம்பியின் குடும்பத்தில் நான்கு பேருக்கும் ஒருசேர அரிப்பு தொடங்கியபோதும் அம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்தது அந்தச் சொல்தான். அடுத்து வந்த கேள்வி, "அங்க தண்ணி எப்படிடா?"

அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வடசென்னையில் தோல் என்பது சுற்றுப்புறத்தைக் காட்டும் கண்ணாடி. குழாயில் வரும் தண்ணீரின் நிறம் மாறினால் குழந்தைகளின் உடம்பில் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது அதில் இறங்கிய மீனவர்கள் முதலில் சொன்னதும் தோல் எரிச்சலையும் அரிப்பையும்தான். வெளியிலிருந்து வந்ததுதான் உடம்பில் ஏறியிருக்கும் என்று நினைக்க எங்களுக்கு அனுபவமே கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் அதே நினைப்பு என் தம்பியின் வீட்டில் ஏறத்தாழ ஏழு வாரங்களை வீணாக்கியது. வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது மீண்டும் மீண்டும் நடப்பதால், அந்த ஏழு வாரங்களில் என்னென்ன சந்தேகிக்கப்பட்டது, அவற்றில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

முதல் சந்தேகம் தண்ணீர்மீதே விழுந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் குழாய்நீர் கடினநீர். கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. கடினநீர் உள்ள இடங்களில் குழந்தைகளுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கரப்பான் உள்ள 336 குழந்தைகளில் பாதிப் பேரின் வீடுகளில் மென்னீராக்கும் கருவி பொருத்திப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்ற மற்ற குழந்தைகளைவிட அவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. கடினநீர் ஏற்கெனவே நொந்திருக்கும் தோலை இன்னும் உலர்த்தலாம். நான்கு பேரை ஒரே வாரத்தில் நள்ளிரவில் எழுப்பி உட்காரவைக்கும் வல்லமை அதற்குக் கிடையாது.

இரண்டாவது சந்தேகம் குளிர். இதில் நியாயம் அதிகம். வெளியே 2 டிகிரி குளிரில் காற்று ஈரமாகத் தோன்றினாலும், அவ்வளவு குளிர்ந்த காற்றால் மிகக் குறைந்த நீராவியையே தாங்க முடியும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து ஹீட்டரால் 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவியின் அளவு மாறாது. ஆனால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் 60 முதல் 80 சதவீத ஈரப்பதத்தில், கடற்காற்றில், வியர்வையோடு வாழ்ந்து பழகிய தோலை அப்படிப்பட்ட அறையில் வைத்தால் அது தன் நீரை இழந்து முதலில் முழங்காலுக்குக் கீழே, பிறகு கைகளில், வறண்ட ஏரிப்படுகைபோல் மெல்லிய வெடிப்புகளைக் காட்டும். அதன்மேல் நம்மவர்கள் குளிருக்கு இதமாக நீண்ட நேரம் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும், காரத்தன்மை மிகுந்த சோப்பை உடம்பெல்லாம் தேய்ப்பதும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். இதற்குத் தீர்வு எளிது: வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துவட்டிய ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனை சேர்க்காத கெட்டியான களிம்பைப் பூச வேண்டும். வறட்சிதான் காரணம் என்றால் ஓரிரு வாரங்களில் வித்தியாசம் தெரிந்துவிடும். தம்பி வீட்டில் தெரியவில்லை.

பிறகு துணி சோப்பை மாற்றினார்கள், தரைவிரிப்பைக் கழுவினார்கள், மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தது சரியான யோசனை. இன்றைக்கு எந்தப் பணக்கார நாட்டிலும் விடுதி, பெட்டி, பழைய சோபா வழியாக அது வீட்டுக்குள் வரலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் பூச்சி. வளர்ந்தது ஆப்பிள் விதை அளவு இருக்கும். மெத்தை ஓரத்தில் கரும்புள்ளிகளாக எச்சத்தை விட்டுவைக்கும். போர்வைக்கு வெளியே இருக்கும் கை, கழுத்து, முகம் ஆகியவற்றையே பெரும்பாலும் கடிக்கும். வாடகை வீட்டின் சன்னல் ஓரத்தில் புறா கூடு கட்டியிருந்தால் அதிலிருந்து இறங்கும் நுண்பூச்சிகளும் கடிக்கும். கண்ணாடியிழை கலந்த சில மெத்தைகளின் உறையைக் கழற்றித் துவைத்துவிட்டால், அந்த இழைகள் பறந்து வீட்டிலுள்ள எல்லோரையும் அரிக்கவைக்கும். இவை எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

மருத்துவரிடம் போனார்கள். பத்து நிமிட நேரத்தில் அவர் மூத்த பையனை மட்டும் பார்த்துவிட்டு, இது கரப்பான் என்று சொல்லி வறட்சிக்கான களிம்பு கொடுத்தார். அவர்மேல் குறை சொல்வதைவிட, இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்வது பயன்தரும். வெள்ளைத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். நம் தோலில் அது கரும்பழுப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோ தெரியும், சில வேளை நிறமே மாறாமல் சொரசொரப்பாக மட்டும் இருக்கும். சிவப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது சிறிய விஷயமாகப் படலாம். ஆகவே வெளிநாட்டில் மருத்துவரிடம் போகும் நம் மக்கள் தோலைக் காட்டினால் போதும் என்று நினைக்காமல், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம், வீட்டில் வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். தம்பி அங்கே மற்ற மூவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "வீட்டுல எல்லாருக்கும் சொறின்னு எப்படிண்ணா சொல்றது?" என்றான்.

இந்த இடத்தில் நாங்களும் ஒரு தவறு செய்தோம். இங்கிலாந்துக்குப் போகிற ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் காய்ந்த வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனிப் பொடியும் இருந்தன. அவற்றோடு, மெடிக்கலில் நான் வாங்கிக் கொடுத்த இரண்டு டியூப் களிம்பும் இருந்தது. அது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்பு. வேப்பிலையாலும் மஞ்சளாலும் பெரிய கெடுதல் வந்திருக்காது, களிம்பால் வந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் வீக்கத்தையும் மூன்று நாளில் அடக்கிவிடும், ஆனால் அரிப்பின் காரணத்தைத் தொடாது. நோயின் முகம் மாறிவிடுவதால் அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். படர்தாமரையில் இந்தக் களிம்பு செய்துவைத்திருக்கும் கேடு இன்னும் பெரிது: இந்தியாவில் இக்கலவைகள் தாராளமாகப் புழங்கிய ஆண்டுகளில்தான், வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு எளிதில் அடங்காத ஒருவகைப் பூஞ்சை இங்கே பரவியது. 2020-இல் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது காணப்படுகிறது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்திருந்தும், நான் கேட்டவுடன் கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். நானும் யோசிக்காமல் வாங்கினேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். நவம்பர் நடுவில், தம்பி அனுப்பிய படங்களோடு அவரிடம் போனேன். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மூன்று கேள்விகள் கேட்டார். ராத்திரியில் அதிகமா? வீட்டில் எத்தனை பேருக்கு? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, அக்குள், ஆண் பிள்ளைகளுக்கு மறைவிடம், இவற்றில் எங்கெல்லாம்? பதில்களைச் சொன்னதும், வீடியோ அழைப்பில் தம்பியின் கையை விரித்துக் காட்டச் சொன்னார். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள சவ்வில், கூர் மழுங்கிய பென்சிலால் அரை சென்டிமீட்டர் கீறியதுபோல, வளைந்து செல்லும் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது; அதன் ஒரு முனையில் ஊசிமுனை அளவு புள்ளி. "பேனா மையை அதுமேல தடவி, ஈரப் பஞ்சால துடைக்கச் சொல்லுங்க" என்றார். சுற்றிலும் மை போய்விட்டது. கோட்டுக்குள் மட்டும் நீலமாகத் தங்கியது. "படத்தை வச்சு நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனா ஸ்கேபிஸான்னு பாருங்கன்னு அங்க இருக்கற டாக்டர்கிட்ட வெளிப்படையா கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அங்கே, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்த மருத்துவர், கோட்டின் முனையில் சிறு முக்கோணமாகத் தெரிந்த பூச்சியின் தலைப்பகுதியைத் தம்பிக்கே காட்டினாராம்.

சொறிசிரங்கு என்று நாம் சொல்வது இதைத்தான். சிரங்குப் பூச்சியின் பெண் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் உடையது. தோலின் மேலடுக்கில் குடைந்து சென்று நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இட்டபடி ஓரிரு மாதம் அங்கேயே வாழ்ந்து சாகிறது. வழக்கமான நோயாளியின் உடம்பு முழுவதிலும் இருப்பவை பத்துப் பதினைந்து பூச்சிகள் மட்டுமே. அரிப்பு பூச்சியின் எண்ணிக்கையால் வருவதன்று, அதன் எச்சத்துக்கும் முட்டைக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமையால் வருவது. 1687-இலேயே இத்தாலியில் பொனோமோவும் செஸ்டோனியும் உருப்பெருக்கியில் இந்தப் பூச்சியைக் கண்டு வரைந்தார்கள். ஒரு நோய்க்கு உயிருள்ள நுண்காரணம் உண்டு என்று மிக முந்திச் சொன்னவற்றுள் ஒன்று அது. ஆனாலும் இரத்தக் கேடு, உடல் சூடு என்ற விளக்கங்களே மேலும் நூறாண்டுக்கு மேல் நின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்தில் கணக்கிட்டாலும் உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கும் என்பது அதன் மதிப்பீடு.

இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதை விளக்கும் சோதனைகளில் என்னை மிகவும் ஈர்த்தது, இரண்டாம் உலகப் போரின்போது ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி நடத்தியது. போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராமல் மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து, சிரங்கு பிடித்த படைவீரர்கள் பயன்படுத்திய கம்பளிகளைப் போர்த்தி உறங்கினார்கள். அவர்களின் துவைக்காத உள்ளாடைகளையும் அணிந்தார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் தொற்றவில்லை. நோயாளிகளோடு ஒரே படுக்கையில் உறங்கியவர்களுக்குத்தான் தொற்றியது. கம்பளிகளைக் கிருமிநீக்கம் செய்வதில் அரசு செலவிட்டுக்கொண்டிருந்த உழைப்பு பெரிதும் வீண் என்பது அப்போது தெரிந்தது. ஆக, கைகுலுக்குவதாலோ குளியலறைக் குவளையாலோ இது எளிதில் வருவதில்லை. அடுத்தடுத்துப் படுத்து உறங்குவது, குழந்தையை மடியில் நெடுநேரம் வைத்திருப்பது, இப்படித் தோலோடு தோல் நீண்ட நேரம் ஒட்டியிருக்கும்போதுதான் வருகிறது. அழுக்கோடு இதற்குத் தொடர்பில்லை. நாளுக்கு இருமுறை குளிப்பவருக்கும் வரும்.

மெலன்பி உறுதிசெய்த இன்னொரு செய்திதான் எங்கள் கதையைத் தலைகீழாக்கியது. முதல்முறை தொற்றுபவருக்கு அரிப்பு உடனே தொடங்காது. உடம்பு அந்தப் பூச்சியை அடையாளம் காண நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஏற்கெனவே வந்து போனவருக்கோ ஓரிரு நாளில் தொடங்கிவிடும். தம்பி வீட்டில் அரிப்பு தொடங்கியது செப்டம்பர் கடைசி வாரம். அதிலிருந்து ஐந்து வாரம் பின்னால் எண்ணினால் வருவது இங்கிலாந்து அல்ல, ஆவணி மாதத்து வண்ணாரப்பேட்டை. உறவில் ஒரு கல்யாணத்துக்காக அவர்கள் வந்திருந்த நாட்கள் அவை. மேல்மாடிக் கூடத்தில் ஒரே விசிறிக்குக் கீழே பாய்களை ஒட்டிப் போட்டு, பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டு உறங்கினார்கள். அந்தக் காட்சியை நான் படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன். அங்குள்ள தண்ணீரையும் குளிரையும் மெத்தையையும் ஏழு வாரம் குற்றம்சாட்டிக்கொண்டிருந்தோம். வித்து எங்கள் வீட்டுப் பாயிலிருந்து விமானம் ஏறியிருக்கிறது. வெளிநாட்டில் தொடங்கிய அரிப்பு வெளிநாட்டில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

சிகிச்சை பெரிதன்று; அதைச் செய்யும் ஒழுங்குதான் பெரிது. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தின் அடி, தொப்புள், பிட்டம், மறைவிடம் எதையும் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தலையும் முகமும் சேரும். சில நாடுகளில் எல்லோருக்குமே அப்படிப் பூசச் சொல்கிறார்கள். இடையில் கை கழுவினால் கையில் மீண்டும் பூச வேண்டும். முட்டையிலிருந்து பின்னால் வெளிவருபவற்றை ஒழிக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை செய்ய வேண்டும். களிம்பு பயன்படாதபோது ஐவர்மெக்டின் மாத்திரை உண்டு. கருவுற்றவர்களுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் அதைப் பொதுவாகத் தருவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்வது. தம்பி முதலில் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் பூசினான். பத்தாம் நாள் திரும்பவும் வந்துவிட்டது. அரிப்பு தொடங்காத நிலையிலும் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியும் என்பதை அவன் எண்ணவில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்து, மாலை நேரங்களில் இளையவளை மடியில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவரிடம் சொல்வதற்குக் கூச்சப்பட்டதால் இரண்டாம் முறையும் தள்ளிப்போகவிருந்தது. ஒரு குடும்பத்தை ஒரே நோயாளியாகக் கருதினால்தான் இது தீரும். குடும்பம் என்பதில் அந்த மாணவரும் அடக்கம்.

வீட்டைப் புரட்டிப்போட வேண்டியதில்லை. பூச்சியால் மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளுக்குமேல் வாழ முடியாது. கடைசி மூன்று நாட்களில் பயன்படுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் 50 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைத்து, சூட்டில் உலர்த்தினால் போதும். துவைக்க முடியாததை ஒரு பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். மெத்தையைத் தூக்கி எறிவதும் பூச்சிக்கொல்லி தெளிப்பதும் தேவையற்றவை. சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனெனில் செத்த பூச்சியின் மிச்சங்கள் தோலோடு உதிரும்வரை ஒவ்வாமை அடங்காது. இதை அறியாதவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் காலம் தாழ்த்தக் கூடாது. அந்தப் புண்ணில் சேரும் பாக்டீரியா குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாதிப்பது உண்டு.

ஒருவருக்கு மட்டும், தோலில் எதுவுமே தெரியாமல், வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரித்தால் அது வேறு பாதை. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையோடு பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை இரவு தம்பி வீட்டில் ஐந்து பேரும் பூசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின நாள் நான் கல்யாணத்துக்கு வந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். வியாசர்பாடியில் சித்தி மகள் வீட்டில் மூன்று மாதமாகப் பிள்ளைக்கு வியர்க்குரு என்று சொல்லிப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, இருக்கு" என்றார்கள். கடைசி அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தளர்த்தி இடுப்பைக் காட்டினார். வரிவரியாகக் கருத்துப்போயிருந்தது. "எனக்கும் தீபாவளிக்கு முன்னாலேர்ந்து இருக்குப்பா. வயசானா வர்றதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். மறுநாள் காலை அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அன்றிரவு எங்கள் வீட்டிலும் பூசிக்கொண்டோம்.